லேவியின் கூட்டாளி

கப்பர்நகூமில் ஓர் ஆத்துமாவின் விலை வருஷத்துக்கு இரண்டாயிரம் திராக்மா. நான்கு தவணையில் கட்டலாம்.

இது ஊர்க்காரர்கள் வைத்த விலை இல்லை. தமஸ்குச் சாலையில் போகிற சரக்குக்கும் ஏரியிலிருந்து கரையேறுகிற மீனுக்கும் ஆயம், அதாவது சுங்கவரி, வாங்குகிற உரிமையை ராஜாவின் கஜானா ஏலம் விட்டபோது நாலாயிரத்துக்கு விழுந்தது. லேவியும் தொபியேலும் கூட்டுச் சேர்ந்து எடுத்தார்கள், ஆளுக்குப் பாதி. முத்திரை வைத்த அன்றைக்கே ஜெபஆலயத்துக்காரர்கள் இரண்டு பேரையும் செத்தவர்கள் வரிசையில் சேர்த்துவிட்டதால், ஆத்துமாவும் அந்த விலைக்குள் அடக்கம் என்று தொபியேல் வைத்துக்கொண்டான். "ரெண்டாயிரத்துக்கு இது மலிவுடா" என்று லேவியிடம் சொல்லவும் சொன்னான்.

தொபியேல் மக்தலாவின் உப்புமீன் வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவன். அவன் முதலில் பேசிய வார்த்தை அம்மா இல்லை, 'குறை' என்பதுதான் என்று அவன் வீட்டில் பெருமையாகச் சொல்வார்கள். அவனுக்கு எழுத்து தெரியாது, எண் மட்டும் தெரியும். மூட்டையைக் கையால் தட்டிப் பார்த்தே உள்ளே கோதுமையா, கோதுமைக்கு நடுவில் ஒளித்து வைத்த மிளகா என்று சொல்லிவிடுவான். லேவி வேறு ரகம். அவன் அப்பா ஆல்பேயு அவனை வேதச்சுருள் எழுத வைக்க வேண்டும் என்று சின்ன வயதிலேயே எழுத்துக்கு அனுப்பினார். சுருள் எழுதினால் வருஷத்துக்கு ஓர் ஆட்டுக்குட்டி கிடைக்கும், அதுவும் கேட்டுக் கேட்டு வாங்கினால். மகன் அந்த எழுத்தை ஆயத்துறை மேசைக்குக் கொண்டுபோனபோது ஆல்பேயு சட்டையைக் கிழித்துக்கொண்டு ஏழு நாள் தரையில் உட்கார்ந்து துக்கம் காத்தார். எட்டாம் நாள் எழுந்து வேலைக்குப் போனார். அன்றிலிருந்து தெருவில் லேவி எதிரே வந்தால், இறந்துபோனவனுக்கு வழிவிடுகிற மாதிரி ஓரமாக ஒதுங்கிக்கொள்வார்.

ஊரில் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஆயக்காரனின் பெட்டிக்குள் போன காசு தீட்டு. அந்தப் பெட்டியிலிருந்து தர்மம் வாங்கக் கூடாது, சில்லறை மாற்றக் கூடாது. பக்தியுள்ள மீன்காரன் அரைத் திராக்மா ஆயத்துக்கு முழுத் திராக்மா கொடுத்தால், மீதியைக் கைநீட்டி வாங்க மாட்டான். முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவான். ஊரின் மற்றக் கட்டுப்பாடுகள் மேல் தொபியேலுக்குப் பெரிய மரியாதை கிடையாது. இந்த ஒன்றை மட்டும் அவன் மனதாரப் போற்றினான்.

நாலாம் வருஷத்தின் கடைசித் தவணைக்கு முந்தின நாள் காலையில் தொபியேல் மக்தலாவிலிருந்து கழுதையில் திரும்பிக்கொண்டிருந்தான். சித்தப்பா மகளின் கல்யாணம், இரண்டு நாள் விருந்து. அவன் கொடுத்த மொய்யைச் சொந்தக்காரர்கள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, அவனை மட்டும் தூணுக்குப் பின்னால் உட்கார வைத்திருந்தார்கள். அதெல்லாம் பழகிப்போனது. பழகாதது சாலையில் நடந்தது. எதிரே வந்த இரண்டு ஒட்டகக்காரர்கள் அவனைப் பார்த்துச் சிரித்தார்கள். அத்திப்பழக் கூடைக்காரி ஒருத்தி கும்பிடே போட்டாள். ஆயக்காரனைப் பார்த்து ஜனங்கள் சிரித்தால் எங்கேயோ பணம் ஒழுகுகிறது என்று அர்த்தம். கழுதையை இரண்டு உதை உதைத்தான்.

ஆயத்துறையில் மேசை இருந்தது. மேசைக்குப் பின்னால் லேவி இல்லை. ராஜாவின் காவல்காரன் சாபாத் மட்டும் நிழலில் உட்கார்ந்து பேரீச்சம்பழம் தின்று கொட்டையைச் சாலையில் துப்பிக்கொண்டிருந்தான். அவனைத் தாண்டி ஏழெட்டுக் கழுதைகள் எண்ணெய்ச் சாடியோடு ஒரு காசு கொடுக்காமல் போய்க்கொண்டிருந்தன.

"லேவி எங்க?"

"போயிட்டாருங்க."

"சாப்பிடவா?"

"முந்தாநாள் போனாரு. சாப்பாட்டுக்கு இவ்வளவு நேரம் ஆகாதுங்களே."

தொபியேல் கழுதையை விட்டு இறங்கினான். "ஒழுங்காச் சொல்லு. என்ன நடந்துச்சு?"

"ஊர் ஊராப் போதிக்கிற அந்த நாசரேத்துத் தச்சர் இந்தப் பக்கம் வந்தாருங்க. பின்னாலயே ஒரு கூட்டம். மேசைக்கு முன்னால நின்னாரு. இவரைப் பார்த்து, 'என் பின்னால வா'ன்னாரு. இவரு எந்திரிச்சாரு. போயிட்டாரு."

"அதுக்கு முன்னாடி?"

"முன்னாடி தமஸ்குக்காரன் ஒருத்தன் கம்பளிக் கணக்குல சண்டை போட்டுட்டு இருந்தான். பாதிக் கணக்குல இவரு எந்திரிக்கவும் அவன் பயந்துட்டான், நம்மளை அடிக்க வர்றாருன்னு."

"தொகை ஏதும் பேசினாங்களா?"

"தொகையா?"

"விரலைக் காட்டினானா அந்தத் தச்சன்? துணிக்கு அடியில கையப் பிடிச்சாங்களா?"

"அவரு தொடக்கூட இல்லீங்க."

"அப்ப முன்னாடியே பேசி முடிச்சாச்சு" என்றான் தொபியேல்.

சாபாத் இடுப்பிலிருந்து பெட்டிச் சாவியை எடுத்துக் கொடுத்தான். லேவி நேற்று ஆள் மூலம் கொடுத்தனுப்பினானாம். தொபியேல் பெட்டியைத் திறந்து எண்ணினான். அவனுடைய முந்நூற்று நாற்பது அப்படியே இருந்தது. லேவியின் பங்கு ஐந்நூறும் பையில் கட்டி முடிச்சுப் போட்டபடி இருந்தது. இதுதான் அவனுக்கு இடித்தது. ஐந்நூறை விட்டுவிட்டு ஒருவன் எழுந்து போகிறான் என்றால் போன இடத்தில் ஐயாயிரமாவது கிடைத்திருக்க வேண்டும்.

விஷயம் இதுதான். நாளைக் காலையில் திபேரியாவிலிருந்து கஜானா அதிகாரி தியோதோர் வருவான். ஆயிரம் எண்ணி வைக்க வேண்டும். தொபியேலின் பாதியில் நூற்று அறுபது குறைகிறது. அந்த நூற்று அறுபதும், அதற்கு மேலேயும், அவன் புதிதாகக் கட்டிய கல்வீட்டின் மாடி அறையாக நின்றுகொண்டிருக்கிறது. அந்த வீட்டுப் பத்திரமோ ஜாமீனாகத் தியோதோரின் பெட்டியில் இருக்கிறது. ஒரு காசு குறைந்தாலும் வீடு ராஜாவுக்கு. போன மூன்று தவணையிலும் இதே மாதிரி குறைந்தது, மூன்று தரமும் லேவி கடன் கொடுத்துத் தூக்கிவிட்டான். இந்தத் தடவையும் கொடுப்பான் என்று நம்பித்தான் தொபியேல் கல்யாணத்தில் தூணுக்குப் பின்னால் நிம்மதியாக ஆட்டுக்கறி தின்றான்.

இப்போது கால் ஓர் இடத்தில் நிற்கவில்லை. மேசையைச் சுற்றி வந்தான். யோசித்தான். யோசிக்க யோசிக்க எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. அந்தத் தச்சன் முதலில் நாலு மீன்காரர்களைப் பிடித்தான். ஏரியின் வளைவு நெளிவு தெரிந்தவர்கள். அடுத்து ஆயத்துறை எழுத்தனைப் பிடித்துவிட்டான். கரையின் கணக்கு முழுதும் தெரிந்தவன். புது ஏலத்துக்குப் பத்து நாள்கூட இல்லை. ஏரியைச் சுற்றியுள்ள மீன் குத்தகை மொத்தத்தையும் ஒரே கையில் வளைத்துப்போடுகிற திட்டம். நாசரேத்தில் இப்படி ஒரு மூளையா என்று அவனுக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

படகுத்துறைக்கு ஓடினான். மல்லூக் என்கிற கூலிக்காரன் வலை கட்டிக்கொண்டிருந்தான். அவனுடைய முதலாளியின் மகன்கள் இருவரும் தச்சனோடு போய்விட்டதால் மூன்று பேர் வேலை இப்போது அவன் ஒருவன் தலையில்.

"வாங்க ஆயக்காரரே" என்றான் மல்லூக், தலை நிமிராமல். "இன்னைக்கு வலைக்கு வரி போடுவீங்களா, இல்ல அதுல இருக்கிற ஓட்டைக்கு மட்டுமா?"

"உன் முதலாளி பசங்களுக்கு அந்த ஆள் என்ன சம்பளம் பேசினான்?"

"அதைத்தான் அவங்கப்பாவும் படகுல உக்காந்து கேட்டுக்கிட்டே இருக்காரு. பதில் வந்தா உங்களுக்கும் சொல்லி அனுப்பறேன்."

"சம்பளம் இல்லன்னா பங்கு. என்ன பங்கு?"

"கிடைக்கிற ரொட்டியில பங்கு. சில நாள் ரொட்டியே கிடைக்கிறதில்லன்னு கேள்வி. அன்னைக்குப் பங்கு கணக்கு ரொம்பச் சுலபம்."

"விளையாடாத. சும்மா எவனாவது போவானா?"

"நான் போகலீங்களே. எனக்கு நாலு பிள்ளைங்க." மல்லூக் ஊசியை வாயில் கடித்துக்கொண்டு முடிச்சை இறுக்கினான். பிறகு ஊசியை எடுத்துவிட்டுச் சொன்னான்: "உங்க கூட்டாளி நேத்து இங்க வந்தாருங்க. எனக்கு மூணே கால் திராக்மா குடுத்தாரு."

"எதுக்கு?"

"நாலு வருஷமா நான் உங்க மேசையில வாங்காம விட்டுட்டு வந்த மீதியாம். நானே மறந்துட்டேன். அவரு மறக்கல."

"ஆயக்காசைக் கைநீட்டி வாங்கினியா நீ? பெரிய பக்திமான் மாதிரி மூஞ்சியத் திருப்பிட்டுப் போவியே."

"பெட்டிக் காசு இல்லீங்க. வீட்டை வித்த காசுன்னாரு. அது சுத்தம்தானே." மல்லூக் இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தான். முகத்தில் சிரிப்பு. "இது அவரோட பாதியாம். இன்னொரு பாதி கூட்டாளிகிட்ட இருக்குன்னாரு. நான் எப்ப வரட்டும்?"

தொபியேல் திரும்பி நடந்தான். துறையில் இன்னும் மூன்று நான்கு பேர் வேலையை நிறுத்திவிட்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். லேவி வீட்டை விற்று, துறை ஆட்களுக்கெல்லாம் முன்பணம் கொடுத்து, ஆளுக்கு ஆள் கட்டிப்போடுகிறான். அடுத்த வருஷம் எந்தப் படகும் தன் மேசைப் பக்கம் வராது. இவ்வளவு தூரம் செலவு செய்கிறவர்களிடம் எவ்வளவு பின்பலம் இருக்க வேண்டும்.

வீட்டுக்குப் போனான். அவன் பெண்டாட்டி அசூபாள் புது மாடி அறையில் நின்று ஜன்னலுக்குத் திரை அளந்துகொண்டிருந்தாள். அவன் சொன்னதையெல்லாம் அளவை விடாமலே கேட்டாள்.

"அவங்க எவ்வளவு குடுத்தாங்களோ, அதுக்கு மேல நாம குடுத்துட்டாப் போச்சு" என்றாள். "பாதிப் பங்குதானே இப்ப? மூணுல ரெண்டுன்னு சொல்லுங்க."

"அவன் ஒண்ணுமே கேக்கலைன்னா?"

"கேக்காதவன் யாருங்க இருக்கான். எங்கப்பா என்னைக் கட்டிக் குடுத்தப்ப 'பொண்ணு போதும்'னீங்க. அப்புறம் கழுதையை யாரு கேட்டா?"

"கேட்டது எங்கப்பா."

"ஏறிப் போனது நீங்க." திரைத்துணியை மடித்தாள். "இன்னைக்குச் சாயங்காலம் லேவி வீட்டுல பெரிய விருந்தாம். பேரம் முடியுற வரைக்கும் மது குடிக்காதீங்க. போங்க."

வெயில் தாழ்ந்ததும் போனான். லேவி வீட்டு வாசலுக்கு வெளியே, வேதக் கட்டுப்பாட்டில் கறாரான பரிசேயர்கள் நாலைந்து பேர் நின்று, உள்ளே இருப்பவர்களுக்குக் கேட்கிற மாதிரி பேசிக்கொண்டிருந்தார்கள். தொபியேலைப் பார்த்ததும் ஒருவர் ஆடையை இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

"இன்னொண்ணு வந்திருச்சு பாரு" என்றார். "இந்தக் கூட்டத்தோட உக்காந்து ஒரு போதகர் சாப்பிடுவாரா?"

"நீங்களும் வாங்கய்யா" என்றான் தொபியேல். "இடம் நிறைய இருக்கு."

"உன் கூட்டாளி ரொட்டி எங்களுக்கு ஆகாது."

"வாசனை மட்டும் ஆகும்போல."

உள்ளே ஏரிக்கரையின் ஆயக்காரர்கள் மொத்தமும் வந்திருந்தார்கள். கொராசின் ஆள், பெத்சாயிதா ஆள், உப்புக்கு வரி வாங்குகிற கிழவன். மீன்காரர்கள் மூலையில் ஒட்டிக்கொண்டு, யார் தொட்ட பாத்திரம் எது என்று கண்ணாலேயே கணக்கு வைத்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் நாசரேத்துக்காரர் உட்கார்ந்து ரொட்டியைப் பருப்பில் தோய்த்தபடி, கொராசின் குண்டன் சொல்கிற ஏதோ கதையைக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். தொபியேல் அவரைச் சரக்கு பார்க்கிற மாதிரிப் பார்த்தான். செருப்பு தேய்ந்திருந்தது. அங்கியின் ஓரம் பிரிந்திருந்தது. கையில் மோதிரம் இல்லை. இவ்வளவு ஏழையாகக் காட்டிக்கொள்கிறவனிடம் பணம் கொட்டிக் கிடக்க வேண்டும் என்று முடிவு செய்தான்.

லேவியின் முழங்கையைப் பிடித்து எண்ணெய்ச் சாடி வைக்கிற அறைக்குள் இழுத்துக்கொண்டு போனான். பேசுவதற்கு முன்னால் தன் மேல்துணியை உருவி இரண்டு பேர் கைமேலும் போட்டான். வியாபாரிகள் விலையை வாயால் சொல்வதில்லை, விரலால் சொல்வார்கள். துணிக்கு அடியில் லேவியின் மூன்று விரலில் இரண்டைப் பிடித்து அழுத்தினான். மூன்றில் இரண்டு பங்கு.

லேவியின் கை சும்மா இருந்தது.

நாலில் மூன்றைப் பிடித்தான். அதற்கும் அசைவில்லை. ஐந்தில் நாலு. தொபியேலின் நெற்றியில் வேர்த்தது. கடைசியில் ஐந்து விரலையும் சேர்த்து இறுக்கிப் பிடித்தான். லாபம் முழுதும் உனக்கு, எனக்குக் கூலி மட்டும் போதும். முப்பது வருஷமாக அவன் துணிக்கு அடியில் எத்தனையோ கையைப் பிடித்திருக்கிறான். நடுங்கிய கை, வழுக்கிய கை, கிள்ளிய கை. ஒன்றுமே கேட்காத கையை இப்போதுதான் பிடித்துப் பார்க்கிறான். பயந்துபோய் விட்டுவிட்டான்.

"எவ்வளவுதான் குடுத்தான்டா?"

"ஒண்ணும் குடுக்கல."

"என்ன சொன்னான்?"

"வான்னாரு."

"அதுக்கு நீ?"

"எந்திரிச்சேன்." லேவி சாடியின் விளிம்பைத் தடவினான். "நானும் ரெண்டு நாளா யோசிச்சுப் பாக்கறேன் தொபியேல். பாதித் தெரு போனப்புறம்தான் மைக்கூட்டை மூடலயேன்னு ஞாபகம் வந்துச்சு. திரும்பிப் போய் மூடிட்டு வரலாமான்னு ஒரு நிமிஷம் நின்னேன். மூடப் போனா மறுபடி உக்காந்துருவேன்னு பட்டுச்சு. போகல."

"காஞ்சு போயிருக்கும்."

"போகட்டும்."

கூடத்தில் சிரிப்புச் சத்தம் எழுந்து அடங்கியது. தொபியேல் துணியைத் தோளில் போட்டுக்கொண்டான். பேரம் முடிந்துவிட்டது என்று அவனுக்குத் தெரிந்தது. பேரம் போனாலும் கடன் வாங்குவதற்குத் தடை இல்லை.

"சரி. நீ போ. நாளைக்குத் தவணை. எனக்குக் குறையுது. எவ்வளவுன்னு கேக்க மாட்டியா?"

"தெரியும். கணக்கு எழுதினது நான்தானே."

"அப்பக் குடு."

"என்னுதுன்னு இப்ப ஒண்ணும் இல்லடா. இந்த வீட்டையும் உப்புமீன் வியாபாரிக்கு வித்தாச்சு. பெட்டிக் காசை யாரும் கைநீட்டி வாங்க மாட்டாங்க. வீட்டுக் காசுன்னா வாங்குவாங்க. அதான்." லேவி குனிந்து ஒரு கூடையை இழுத்தான். உள்ளே உடைந்த பானை ஓடுகள், நூற்றுக்கணக்கில். ஒவ்வொன்றிலும் ஒரு பேர், ஓர் எண்.

"என்னடா இது?"

"வாங்காம விட்ட மீதி, நாம கூடப் போட்டு வாங்கினது, எல்லாம். நாலு வருஷத்துது."

"இதையெல்லாம் எதுக்கு எழுதி வச்ச?"

"எழுதாம இருக்க என் கைக்குத் தெரியல. எழுதினதை எங்கயும் கொண்டுபோகவும் தெரியல." ஓர் ஓட்டுத் துண்டை எடுத்துத் திருப்பிப் பார்த்து வைத்தான். "என் பாதியை அஞ்சுல ஒரு பங்கு அபராதம் சேர்த்துக் குடுத்துட்டேன். வேதத்துல அப்படித்தான் இருக்கு. உன் பாதி உன் விஷயம். அது உன்கிட்ட இருக்குன்னு அவங்ககிட்டச் சொல்லிட்டேன், அவ்வளவுதான்."

பிறகு இடுப்பிலிருந்து ஒரு தோல்பையை எடுத்தான்.

"ஒட்டகக்காரங்களை எங்க போய்த் தேடறது. ஆள் கிடைக்காத காசு ஊர்ப் பொதுவுக்குப் போகணும். வடக்குச் சாலையில கிணறு வெட்டறாங்க, மேஸ்திரி நாலு நாள்ல வருவாரு. நான் விடியக்காலம் படகுல கிளம்பறேன். நீ அவருகிட்டக் குடுத்துரு. நூத்தி அறுபது இருக்கு."

தொபியேல் தொகையைக் கேட்டதும் லேவியின் முகத்தைப் பார்த்தான். அதில் ஒன்றும் இல்லை. ஆயத்துறையில் நாலு வருஷம் உட்கார்ந்தவனின் முகம். லேவி பையைக் கொடுத்தான், கூடையைக் கொடுத்தான், கூடத்துக்குத் திரும்பிப் போய்க் கொராசின் குண்டனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பருப்பு பரிமாற ஆரம்பித்தான்.

மறுநாள் காலையில் தியோதோர் மேசையில் உட்கார்ந்து எண்ணினான். லேவியின் பையிலிருந்து ஐந்நூறு. தொபியேலின் முந்நூற்று நாற்பது. தோல்பையிலிருந்து நூற்று அறுபது. தொபியேல் அந்தப் பையை அவிழ்த்த நேரத்தில் ஏரிப்பக்கம் பார்க்கவில்லை. பாய் விரித்த ஒரு படகு அப்போது கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில்தான் இருந்தது.

"கடைசிக் காசெல்லாம் பளபளன்னு இருக்கே" என்றான் தியோதோர். ஒன்றைக் கடித்துப் பார்த்தான். "பெட்டி நாத்தமே இல்ல. எங்கய்யா புடிச்ச?"

"கைமாத்து."

"குடுத்தவன் நல்லவனா இருப்பான்." வீட்டுப் பத்திரத்தை எடுத்து மேசையில் போட்டான். "இந்தா, உன் வீடு. அடுத்த வருஷத்துக்கு என்ன? எழுத ஆள் இல்லாம எடுப்பியா?"

"பத்து நாள் குடுங்கய்யா."

"ஏழு நாள்" என்றான் தியோதோர். அவனும் வியாபாரிதான்.

வீடு நின்றது. அன்று மத்தியானம் தொபியேல் பத்திரத்தோடு மாடி அறைக்குப் போய் உட்கார்ந்தான். எழுந்தான். ஜன்னலிடம் போனான். திரையை விலக்கினான், மூடினான். மறுபடி உட்கார்ந்தான். அது அவனுடைய அறை, அவனுடைய கல், அவனுடைய காற்று. உட்கார முடியவில்லை.

திருடியதாக அவன் நினைக்கவில்லை. மேஸ்திரி வருவதற்குள் புரட்டிப் போட்டுவிடலாம் என்றுதான் நினைத்தான். மூன்று நாளில் எங்கே புரட்டுவது என்பதை மட்டும் நினைக்காமல் இருந்தான். கையைச் சும்மா வைத்திருக்க முடியாமல் கூடையைக் கவிழ்த்தான். ஓடுகள் தரையில் பரவின. பேர்களைப் படிக்க அவனுக்குத் தெரியாது. ஆனால் சில ஓடுகளின் மூலையில் ஆணியால் ஒரு கூன் கீறியிருந்தது, ஒட்டகத்தின் கூன். எழுத்து தெரிந்தவனுக்கு அது தேவையில்லை. கீறல் புதுசு, வெள்ளையாக இருந்தது.

கூன் போட்ட ஓடுகளைத் தனியாக எடுத்து எண்களைக் கூட்டினான். இருநூற்றைம்பதில் லேவியின் பாதி நூற்று இருபத்தைந்து வந்தது. அபராதம் ஐந்தில் ஒன்று, இருபத்தைந்து. ஆக நூற்றைம்பது. தப்பு என்று மறுபடி கூட்டினான். நூற்றைம்பது. அசூபாளைக் கூப்பிட்டு அவள் விரலையும் கடன் வாங்கிக்கொண்டு மூன்றாம் தடவை கூட்டினான்.

"பையில எவ்வளவு இருந்துச்சு?" என்றாள்.

"நூத்தி அறுபது."

"பத்து கூடத்தானே வந்திருக்கு. எண்ணும்போது தவறியிருப்பாரு. சந்தோஷப்படுங்க."

"அவன் தவற மாட்டான்." தொபியேல் ஓடுகளுக்கு நடுவில் குந்தினான். "நாலு வருஷத்துல ஒரு காசு தவறினதில்ல."

"பின்ன என்னத்துக்குப் பத்து?"

அவன் விரலை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தான். கிணற்றுக்கு நூற்றைம்பதுதான் சேர வேண்டும். நூற்றைம்பது மட்டும் பையில் இருந்திருந்தால் இன்று காலை பத்துத் திராக்மா குறைந்து இந்த வீடு போயிருக்கும். ஆக, இவன் கிணற்றுப் பணத்தில் கைவைப்பான் என்று லேவிக்குத் தெரிந்திருக்கிறது. எவ்வளவு வைப்பான் என்றும் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் கொடுத்தான், அதற்கு மேல் பத்தும் போட்டான். தொபியேல் ஆயுள் முழுக்க அடுத்தவன் மூட்டையைத் தட்டி உள்ளே இருப்பதைச் சொன்னவன். முதல் தடவையாக அவனையே ஒருவன் தட்டிப் பார்த்திருக்கிறான். திருடினால் திருடட்டும் என்று விட்டானா, வீடு பிழைக்கட்டும் என்று விட்டானா, எது என்று கேட்க ஆள் இல்லை. படகு அக்கரை சேர்ந்திருக்கும்.

"மேஸ்திரி வந்தா என்னங்க சொல்லுவீங்க?" என்றாள் அசூபாள். குரலில் கேலி இல்லை.

"தெரியல."

"மாடியை வாடகைக்கு விட்டா மாசம் எட்டு வரும்" என்றாள். திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். பிறகு அடுப்பைக் கவனிக்கக் கீழே போனாள்.

தொபியேல் எழுதாத ஓடு ஒன்றைத் தேடி எடுத்தான். ஆணியைக் கையில் பிடிக்கிற விதம் அவனுக்குத் தெரியவில்லை, இரண்டு தடவை வழுக்கி விரலில் குத்தியது. கிணறு என்று எழுதத் தெரியாததால் ஒரு வட்டம் போட்டான். லேவி என்று எழுதத் தெரியாததால் நாலு கால் வைத்து ஒரு மேசை போட்டான், பின்னால் ஆள் இல்லாமல். அப்புறம் ஒவ்வொன்றும் எதற்கு என்று வாயால் சொல்லிக்கொண்டே எண்களைக் கீறினான்.

வட்டத்துக்கு: நூற்றைம்பது.
எடுத்ததற்கு அபராதம், ஐந்தில் ஒன்று: முப்பது.
மேசைக்கு: பத்து.
மொத்தம்: நூற்றுத் தொண்ணூறு.
கொடுத்தது: இல்லை.
மல்லூக் முதலானவர்களுக்குத் தன் பாதி: இன்னும் கூட்டவில்லை.